ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்ற சொல்லை முன்பெல்லாம் யோசிக்காமல் எழுதிவிடுவேன், இப்போது காலையில் எடை மெஷின் மேல் ஏறி நின்றுவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஒன்று சொல்வதற்குள் அவள் நாலு சொல்லி முடித்துவிடுகிறாள். இது அவளைப் பற்றிய விஷயம், அவள் காதில் விழாமல் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் மாற்றியாகிவிட்டது, பழையதுதான் தேவலை. மேல்மாடியில் நம் ‘ரேடியோ’ இருக்கிறாரே, எல்லார் வீட்டுச் செய்தியையும் எல்லாருக்கும் ஒலிபரப்புகிறவர், அவர் குடியிருப்போர் சங்கத் தலைவராகிவிட்டார். அன்றிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. எனக்கு அதில் லாபம்தான், படியேறி இறங்கினால் போனில் கலோரி கணக்குப் பார்க்கிற ஆப் கொஞ்சம் வரவு வைக்கிறது.

சித்தப்பா வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறான். கை வீங்கிக் கிடக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியவில்லை, மின்சார வேலைக்கு வரச் சொல்லி இன்னும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு என் சிறுநீரகம் பொருந்துகிறது என்று வந்ததும், எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் என்னை மேஜையில் ஏற்றுவேன் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். சித்திக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது, பிள்ளை குட்டியும் இல்லை, ஆக நான் ஒருத்தன்தான். அவன் இதயமும் தளர்ந்து வருகிறது, நிதானமாக இளைத்துக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. அப்போதுதான் நீ போனில் சொன்னாய், “அப்பா, இதை டயட்னு நினைக்காதீங்க, பட்ஜெட்னு நினைங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கலோரி உங்க கையில குடுத்திருக்கு. எதுல செலவு பண்றீங்கன்னு உங்க இஷ்டம், ஆனா கையைக் கடிக்கக் கூடாது” என்று. நல்ல யோசனை. குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் தணிக்கைப் பிரிவில் இருந்தவனுக்குச் சாப்பாட்டைக் குறை என்று சொன்னால் புரியாது, ஒதுக்கீடு குறைந்துவிட்டது என்று சொன்னால் உடனே புரிந்துவிடும்.

அந்த மாதிரியே செய்தேன். முதல் வாரத்திலேயே கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. சோறு இல்லை, காய் இல்லை, டீயும் பிஸ்கட்டும்தான். பெரிய செலவுக்குத்தான் நாலு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள், சில்லறைச் செலவை ஒருத்தரும் கேட்பதில்லை, அலுவலகம் மூழ்குவது அதில்தான். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று அம்மா சொல்வாளே, நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நானூறு கலோரி பிஸ்கட்டாகவே தின்றிருக்கிறேன். காலையில் கை இறுக்கம், மதியம் தாராளம், சாயங்காலம் கடன், இரவில் திவால், இப்படித்தான் இத்தனை வருஷமும் போயிருக்கிறது. இப்போது காலையிலேயே இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியில்தான் மற்றதெல்லாம். ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகும் நூற்றைம்பது மிச்சம் நின்றது, ஒதுக்கின நிதியைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை குறைத்துவிடுவார்களே என்ற பழைய பழக்கத்தில் படுக்கப் போகும் முன் வேர்க்கடலை தின்றேன். அம்மா பார்த்துவிட்டு, “சர்க்கார் புத்தி சாகுற வரைக்கும் போகாது” என்றாள். சோற்றை நிறுத்துப் போடும்போது மட்டும் கேலி செய்யவில்லை, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அவளே எனக்குச் சொன்னவள்தானே. எனக்குச் சமைப்பது, எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு, அவள் சொல்லச் சொல்ல ஆப்பில் ஏற்றுவது என் பொறுப்பு. எடையும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிக்கொண்டு வந்தது.

எண்பத்து நாலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், அசையவில்லை. கணக்கில் தப்பில்லை, நானும் கூடுதலாக ஒன்றும் தொடவில்லை. மெஷின் மேல் சந்தேகம் வந்து கடைக்காரரிடம் ஐந்து கிலோ எடைக்கல் இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. நடையைக் கூட்டினேன், கால்தான் வலித்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற பெண் என் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மறைக்காம சொல்லுங்க சார், வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அதே குரலில் நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். எதிர்நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது சுருக்கென்றுதான் இருந்தது. சித்தப்பா வேறு ஒவ்வொரு முறையும் எடையைக் கேட்பான், நான் எண்ணைச் சொல்வேன், சரிண்ணே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து பழையபடி தொழிலில் இறங்கினேன். பில் பொய் சொல்லும், வவுச்சர் பொய் சொல்லும், கிடங்கு பொய் சொல்லாது. வாங்கின சரக்கு, செலவான சரக்கு, கையில் நிற்கிற சரக்கு, மூன்றையும் வைத்துப் பார்த்தால் போதும். அரிசி சரியாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது, எண்ணெய் டின் இடித்தது. நான் எழுதியிருக்கிற ஸ்பூன் கணக்குப்படி முக்கால் டின் இருக்க வேண்டும், தூக்கிப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் ஆடுகிறது. அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டின்னோடு போய் நின்றேன். அவள் மழுப்பவில்லை, கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள், “ஆமா, ஊத்தினேன். பருப்புல ரெண்டு கரண்டி, காயில ரெண்டு கரண்டி. அதுக்கு என்ன இப்போ?” ஏன் என்று கேட்டேன். “எடை இறங்கலைன்னா டாக்டர் உங்களை வேண்டாம்னுடுவாரு. நீங்களும் உங்க தம்பி மூஞ்சில முழிக்கலாம், நானும் முழிக்கலாம். யார் மேலயும் குத்தம் இல்லாம முடிஞ்சு போயிடும்” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கொடுக்கிற வீட்டுச் செலவுப் பணத்தில் எனக்குத் தெரியாமல் சிறுவாடு பிடித்தவள் அவள், உன் படிப்புக்கு ஒரு முறை அதுதான் கைகொடுத்தது. இப்போது எனக்குத் தெரியாமல் என் தட்டில் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருத்தன் ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் புடைத்துக் கிடக்கிறான், இங்கே நீ எண்ணெய் ஊற்றி விளையாடுகிறாயா என்று கத்திவிட்டேன், ரேடியோ வீட்டில் கேட்டிருக்கும். அவள் திருப்பிக் கத்தவில்லை. “உப்பு ஒரு கல்லு கூடினாலே தட்டைத் தள்ளுற ஆளு நீங்க. மூணு வாரமா எண்ணெய் மிதக்குது, சப்புக்கொட்டித் தின்னீங்களே, உங்க நாக்குக்குத் தெரியவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். நான் டின்னைக் கொண்டுபோய் இடத்தில் வைத்தேன். அவள் தணிக்கை சரி. தெரிந்துதான் தின்றேன் என்று சொல்ல முடியாது, தெரியவே இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. காய் ருசியாக இருக்கிறதே என்று நினைத்தேன், ஏன் என்று கேட்கவில்லை. ஊரார் பில்லையெல்லாம் ஏன் ஏன் என்று குடைந்தவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம், எனக்கும் பயம். மயக்க மருந்து என்றால் பயம், கண் விழிக்காமல் போய்விடுவேனோ என்று பயம். இதை நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள், “இதை மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்ல” என்றாள்.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் தானம் கொடுக்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஆலோசகர் அம்மாள். அவர் சொன்னது இதுதான், “உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா இப்பவே சொல்லுங்க. உடம்பு ஒத்து வரலைன்னு நாங்களே சொல்லிடுவோம். உங்க வீட்டுல ஒருத்தருக்கும் காரணம் தெரியாது.” கதவில் இருந்த கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள், மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவியை உள்ளே கூப்பிடலாமா, இப்போது சொன்னதை அவளிடமும் ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ அவ்வளவு எண்ணெயும் தண்டமா?” என்றாள். ஆலோசகருக்குப் புரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். அதற்கப்புறம் கேட்டாள் பார் கேள்வி. ஒன்று போய்விட்டால் மற்றது தாங்குமா, பிறகு சர்க்கரை வந்தால் என்ன ஆகும், மாடிப்படி ஏறலாமா, எத்தனை வருஷத்துக்கு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, “அவரோட தம்பி. அவரே சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கொடுக்கிறேன் என்று சொன்னேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இன்றைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்சம் இருந்தது, ஒரு டீ வாங்கி இருவரும் பாதிப் பாதியாகக் குடித்தோம்.

அன்றிலிருந்து எண்ணெய் ஸ்பூனுக்கு ஒரு சொட்டுக் கூடவில்லை. எடை திரும்ப இறங்கத் தொடங்கி, போன திங்கட்கிழமை எண்பதுக்குக் கீழே வந்துவிட்டது, டாக்டர் தேதியும் குறித்துவிட்டார், அடுத்த மாதம் முதல் புதன். உன்னிடம் இதுவரை போனில் சொல்லியிருப்பது இந்த எடையும் தேதியும் மட்டும்தான். இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமை காலையில் அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு நீயும் ஏறு என்றேன். “நான் என்ன நகையா நிறுத்துப் பாக்க” என்று முரண்டு பிடித்தாள், கையைப் பிடித்து ஏற்றினேன். மெஷின் வாங்கின அன்று சோதனைக்கு முதலில் ஏறினவள் அவள்தான், அந்த எண் எனக்கு மறக்கவில்லை. இப்போது அதைவிட ஏழு கிலோ குறைவாக இருக்கிறாள். நான் டாக்டர் சொல்லி, நீ சொல்லி, ஆப் சொல்லி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒன்பது கிலோ குறைந்தேன், அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி அடுக்களைக்குப் போய்விட்டாள். ஒரு பருக்கையைக்கூட நிறுத்துச் சாப்பிடுகிற நான், எனக்குப் போட்டுவிட்டு “நான் அப்புறம் சாப்பிடுறேன்” என்று அவள் சொல்வதைத் தினமும் கேட்டுக்கொண்டு, அந்த அப்புறம் எப்போது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நேற்று பார்த்தேன். இரண்டு வாய் சோறு, ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். கேட்டால் இறங்கவில்லை என்கிறாள்.

நீ லீவு கிடைத்து வந்து சேர ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாகும் என்று சொல்லியிருக்கிறாய். அதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரியில், அவள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டிருப்பாள். நான் எதிரில் இல்லாவிட்டால் அந்த இரண்டு வாயும் இருக்காது. நீ வீணாகக் கவலைப்படாதே, மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல், குட்டியை அதட்டாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன் பட்ஜெட்டை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே. எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தினமும் போன் செய். சாப்பிட்டாயா என்று கேட்காதே, சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாள். என்ன சாப்பிட்டாய், எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று கேள். எரிந்து விழுவாள், விடாதே. எல்லாவற்றையும் கூட்டி எழுதி வை. எனக்கு மயக்கம் தெளிந்ததும் சித்தப்பா எப்படி இருக்கிறான் என்று இங்கே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள், அம்மா என்ன சாப்பிட்டாள் என்று உன்னிடம்தான் கேட்பேன்.

அன்புடன்,
உன் அப்பா