அன்று நீங்கள் வாசித்த சீட்டு

அன்பான என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சபையின் ஆண்டு மலரில் உங்களைப் பற்றி எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூத்த மகள் எழுதவில்லையே என்று நம் போதகர் ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். எழுதுகிறேன். படித்த பிறகு மலரில் போடுவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? தொட்டுப் பார்த்த பிறகே இயேசுவை நம்பிய சீடன் தோமாவின் பெயரை வீட்டில் எனக்கு வைத்ததே நீங்கள்தானே. மீன்காரர் எடை போட்டால் தராசை எட்டிப் பார்ப்பேன். போதகர் வசனம் சொன்னால் வேதத்தைப் புரட்டிச் சரிபார்ப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். ஒரே ஒரு நாள்தான் சிரிக்கவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. நம் காஜா பெராங் தெரு அப்படியேதான் இருக்கிறது. மெர்டேக்கா சுதந்திர நாளில் நீங்கள் கட்டிய கொடியை அம்மா கழற்ற விடுவதில்லை. மழையில் சிவப்பெல்லாம் வெள்ளையில் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அக்கா, பெயர் மட்டும் தமிழ், பேச்சு முழுக்க மலாய், தினமும் வேலியோரம் வந்து "சூடா மாக்கான்?" என்று விசாரிக்கிறார். அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள், ஆனால் சாப்பிட்டாயிற்று என்று தலையை ஆட்டுவாள். அம்மாவுக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் சில கேள்விகளை எப்போதோ கேட்டிருப்பேன்.

நம் வீட்டில் சீட்டுப் போடாமல் எது நடந்தது, அப்பா? வீடு மாற்றவும் சீட்டு, தம்பி சாமுவேலை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்கும் சீட்டு. ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து வந்து, குளித்து, குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது மூன்று துண்டுக் காகிதம் வெட்டுவீர்கள். ஒன்றில் 'செய்', ஒன்றில் 'செய்யாதே'. மூன்றாவதில் ஒன்றும் எழுதமாட்டீர்கள். வெற்றுச்சீட்டு வந்தால் ஆண்டவர் இன்னும் பேசவில்லை, பொறுத்திருந்து மறுபடி கேட்கவேண்டும் என்று அர்த்தம். நாலாக மடித்து வேதப்புத்தகத்தின் மேல் போடுவீர்கள். அம்மாதான் எடுக்கவேண்டும். எழுத்து வாசனை அறியாத கை, அதில் கள்ளம் இராது என்பீர்கள். அவள் எடுத்துப் பிரித்து, மடியில் வைத்து நீவி, உங்களிடம் நீட்டுவாள். நீங்கள் வாசிப்பீர்கள். அதற்குமேல் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

சுதந்திரத்துக்கு ஐந்து வருடம் முன்பு, கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. பதில் கடிதம் அந்த வாரமே போயாக வேண்டும். எனக்கு அது உயிர். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டேன். நீங்கள் சீட்டுப் போட்டீர்கள். அம்மா எடுத்துக் கொடுத்ததைச் சற்று நேரம் பார்த்தீர்கள். பிறகு, "செய்யாதே. ஆண்டவருடைய சித்தம் அப்படி இருக்கும்மா" என்றீர்கள். மூன்று சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டீர்கள்.

அதற்கு முன் எந்தச் சீட்டையும் நீங்கள் எரித்ததில்லையே, அப்பா. வேதத்துக்குள்ளேயே அடையாளத்துக்கு வைத்துவிடுவீர்களே. எனக்கு அப்போதே பொறி தட்டியது. மறுநாள் காலையில் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. மூன்று சீட்டிலும் 'செய்யாதே' என்றே எழுதியிருப்பீர்கள் என்று முடிவு கட்டினேன். அடுத்த நிமிடமே, சொந்தத் தகப்பனை, அதுவும் ஜெபத்தில் உட்கார்ந்தவரை, இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். உங்களைச் சந்தேகிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடைசியில் பழியைத் தூக்கி ஆண்டவர்மேல் போட்டேன். வேண்டாம் என்றவர் அவர்தானே?

அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தால் பரமண்டல ஜெபத்தை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவேன். "சொந்தமா ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணேன்டி" என்று அம்மா சொல்வாள். நீங்கள் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன்.

போன மாதம் அதே பயிற்சிக்கு மறுபடி எனக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. இத்தனை வருடம் நகரத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்ததைப் பார்த்துத் தலைமையாசிரியரே எனக்காகப் பரிந்துரை எழுதிப்போட்டிருக்கிறார். தெங்கேராவில் மோட்டார் பட்டறை வேலை முடிந்து வந்த சாமுவேல் கடிதத்தை வாசித்துவிட்டு, "அப்பா செஞ்ச மாதிரியே சீட்டுப் போட்டுப் பாத்துருவோம்க்கா" என்றான். அடுப்படியிலிருந்து அம்மா, "சீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ போ" என்றாள்.

சீட்டில்லாமல் முருங்கைக்காய்கூட வாங்காதவள்! எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அவள் பின்னாலேயே போய் நின்றேன்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா விடேன்."

"ஏம்மா?"

கரண்டியை வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "அன்னைக்கு நான் எடுத்துக் கொடுத்த சீட்டுல ஒண்ணுமே எழுதலைடி. வெறுந்தாளு."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே!"

"எழுத்துத் தெரியாது. மை இருக்கா இல்லையான்னு கூடவா தெரியாது?"

நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். "வாசிக்கத் தெரிஞ்சவரு வாசிச்சாரு. தெரியாதவ எந்திரிச்சு, அதுல எழுத்தே இல்லைன்னு சொல்றதா?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் நீ போகவேணாம்னுதான் இருந்துச்சு. தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் பஸ்ஸு, அங்கேயிருந்து ரயிலு. அந்த நேரத்துல காட்டுல இருந்த கம்யூனிஸ்டுங்க ரயிலெல்லாம் கவுத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க அப்பாவுக்கு நெஞ்சு முழுக்கப் பயம்" என்றாள்.

நான் தோமா அல்லவா, அதையும் நம்பவில்லை. என்னை அனுப்பிவைக்க அவள் கட்டும் கதையாக இருந்தால்? அன்று சாயங்காலமே மூன்று சீட்டு வெட்டி, நீங்கள் எழுதுவதுபோலவே பென்சிலால் சின்னதாக இரண்டில் எழுதி, அதே விளக்கடியில் அவள் மடியில் போட்டேன். பிரித்துப் பார்த்த கையோடு வெற்றுச்சீட்டை என் முகத்தில் விட்டெறிந்தாள். "பெத்தவளுக்கே பரீட்சையா? போலீஸ்காரி!" என்றாள். அன்று என்னோடு சாப்பிடவும் இல்லை.

அப்பா, அந்த வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சற்று நேரத்தில் என்ன நினைத்தீர்கள்? பொறுத்திருக்கச் சொன்னால் நான் பொறுக்காமல் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவேன் என்றா? அது உண்மைதான், போட்டிருப்பேன். பயமாக இருக்கிறது, போகாதே மகளே என்று உங்கள் வாயால் கேட்டிருக்கலாமே. அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை உங்களுக்காக இருந்தும் இருப்பேன். ஆண்டவரை நம்பு என்று ஊருக்கெல்லாம் சொன்ன நீங்கள், தம்பின் ரயிலில் மட்டும் அவரை நம்பவில்லையா?

கோபம் இருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது. ஆனால் அந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் ஆண்டவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொன்னார் என்பதற்காக. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை, அப்பா. அவர் சும்மாதான் இருந்தார். பேசியது நீங்கள். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். அழுகையில் பாதி உங்களுக்காக, பாதி அவருக்காக.

பதில் கடிதம் போட்டுவிட்டேன். ஜனவரியில் கிளம்புகிறேன். சீட்டுப் போடவில்லை. போகலாமா என்று ஆண்டவரிடம் நேரே கேட்டேன், பதில் ஒன்றும் காதில் விழவில்லை, அந்த மௌனத்துக்கு நானாக அர்த்தம் எழுதவும் இல்லை. தப்பான முடிவென்றால் அது என் தப்பாகவே இருக்கட்டும்.

அம்மா சாமுவேலோடு இருப்பாள். ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து பூ கொண்டுவந்து உங்கள் கல்லறையில் வைக்க அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஐயர் வந்து, எஸ்தர் உங்களை மனதார மன்னித்துவிட்டாள் என்று உங்கள் கல்லறைப் பக்கம் நின்று ஜெபம் பண்ணுவார். அவருக்கு அது வழக்கம். மன்னிக்கவில்லை, அப்பா. இன்னும் இல்லை. மன்னிக்கப் பார்க்கிறேன், அது சத்தியம். அந்த நாள் வரும்போது நானே ரயிலேறி வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயால் சொல்வேன். அதுவரை என் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யார் வந்து சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

உங்களைப் போலவே பயந்து, உங்களைப் போலவே பிடிவாதம் பிடிக்கும்
உங்கள் மூத்த மகள்
எஸ்தர்