கட்டாத வீட்டின் வெடிப்பு

நவம்பர் 12, செவ்வாய்.

வீட்டு பிளானைப் பிரதேச சபையில் கொடுத்து இரண்டு வருடம். இன்றுதான் கடிதம் வந்தது: சித்திரையில் பார்வையிட்டார்களாம், பின்சுவரில் வெடிப்பாம், அனுமதி இல்லையாம். நானோ அத்திவாரத்துக்கு அளவுக் கயிறு மட்டும்தான் கட்டியிருக்கிறேன். சண்டைக்குப் போனேன். என் தொந்திதான் முதலில் கவுண்டரைத் தொட்டது.

"கட்டாத வீட்டுல ஏதும்மா வெடிப்பு?"

கிளார்க் பிள்ளை சிரித்தாள். "பார்வையிட வந்த ஐயா நேர்ல பார்த்துதான் எழுதியிருக்காருங்கண்ணே. அப்பீல் போடுங்க, அதுக்கும் ரெண்டு வருசம் ஆகும்."

திரும்பும் வழியில் காணியைப் பார்த்தேன். பின்சுவர்க் கயிற்றுக்கு நேர் கீழே, ஈர மண்ணில், விரல் நுழையும் வெடிப்பு. நேற்று அது இல்லை.

கடிதத்தின் கடைசி வரியை இப்போதுதான் படித்தேன்: "கீழ் லயத்தினர் வெளியேற்றப்பட்டனர்."

என் காணிக்குக் கீழே, சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இன்னும் விளக்கு எரிகிறது. மழையும் விடவில்லை; மண் சரிந்தால் அவர்கள் மேல்தான் விழும். பைத்தியக்காரன் என்று சிரிக்கட்டும். நான் போய்க் கதவைத் தட்டு—