பதினோராம் அத்தியாயத்தில் உங்கள் பென்சில் கோடு

என்றும் என் நெஞ்சுக்கு அருகில் இருக்கும் யாக்கோபு அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளும் எழுதாமல் இருந்தது சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாகச் செய்தி எழுதுகிறவன் இப்படிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

முதலில் ஊர் விவரம். நீங்கள் போன அடுத்த மாதமே நெருக்கடி நிலை போய்விட்டது. எழுதியதை எந்த அதிகாரியிடமும் காட்டாமல் பழையபடி போடி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். மதினி மே மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சாத்தான்குளத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் நாற்காலிக்குத் தொடுபுழையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். மதியத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. பள்ளிவாசல் ஊர் டீக்கடையில் குஞ்ஞப்பன் சேட்டன் இன்னமும் என்னைக் கண்டதும் இரண்டு டீ போட்டுவிடுகிறார். பிறகு நினைவு வந்து, ஒன்றை அவரே குடித்துவிடுகிறார். 

புறப்படுகிற அன்று மதினி ஒரு கொழுந்துச் சாக்கை என்னிடம் கொடுத்தார். "இது உங்க சாமான், தம்பி. கண்ணு மங்கிப் போன பொறவும் இதத்தான் மூக்குகிட்ட வச்சு வாசிச்சிட்டுக் கெடந்தாவ" என்றார். உள்ளே என் நாவல் இருந்தது. பதினோரு வருஷத்தில் நான்கு தடவை திருப்பி எழுதியது, நான்கும் கட்டுக் கட்டாக. ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்து உங்களிடம்தான் கொடுத்தேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னீர்கள்: "நல்லா இருக்கு வே. மழை நல்லா வந்திருக்கு."

மழை நன்றாக வந்த நாவல் ஏன் ஒவ்வொரு முறையும் பதினோராம் அத்தியாயத்தில் வந்து நின்றது? அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கமும் ஏன் அடுத்தவன் எழுதியது போல இருந்தது? நீங்கள் இருந்தவரை இதை உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்ற பயம்தான்.

சாக்கைப் பிரித்து நான்கு கட்டிலும் அந்த அத்தியாயத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான்கிலும் ஒரே இடத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சில் கோடு ஒன்று. பக்கத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. மண் சரிந்த அன்று, எஸ்டேட் கணக்கப்பிள்ளை நிருபரைக் கூப்பிட்டு, செத்துப்போனவளின் பேரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிற இடம் அது.

நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, அண்ணாச்சி.

இதை அச்சில் வாசிக்கிற மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நீங்கள் கணக்கப்பிள்ளை. செக்ரோல் என்று சொல்லுகிற ஆள்வரிசைப் புத்தகத்தில் தினமும் வேலைக்கு வந்தவர்களின் பேரைக் குறிப்பது உங்கள் வேலை. கோபாலபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த நான் ஒரு மதுரைப் பத்திரிகையின் நிருபன். "நமக்கு ரெண்டு பேருக்கும் அடுத்தவன் பேர எழுதுததுதான் பொழப்பு. தப்பா எழுதினா என்னத் தொர ஏசுவான். உம்ம யாரும் ஏச மாட்டான். அதுதான் வே உமக்குள்ள ஆபத்து" என்று நீங்கள் முதல் சந்திப்பிலேயே சொன்னீர்கள்.

லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கும் இன்னொருவர் அவர் பேருக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வருவார். அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, புத்தகத்தில் விழுந்துவிடும். கங்காணிக்குத் தெரியும், லயம் முழுக்கத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுதி வைத்த புத்தகம் ஒன்றுக்கும் தெரியாது. பதினாலு வருஷத்துக்கு முந்தைய அந்த மழையில், லயத்தில் இருந்த புஷ்பத்துக்குக் காய்ச்சல். ஊரிலிருந்து வந்திருந்த தங்கச்சி செசிலி அவள் பேருக்குப் போனாள். காட்டுச் சரிவு இறங்கியபோது புஷ்பத்துக்கு ஒதுக்கிய தேயிலை நிரையில் நின்றது செசிலி மட்டும்தான்.

நான் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தபோது நீங்கள் நனைந்து நின்றீர்கள். "செய்தி போடும் வே. பொம்பள ஆள் ஒண்ணு செத்துட்டுன்னு போடும். பேர மட்டும் நாளைக்கு வரைக்கும் நிறுத்தி வையும். நான் தொரகிட்ட பேசிட்டுச் சொல்லுதேன்" என்றீர்கள்.

"வண்டி போயிருமுங்க அண்ணாச்சி. பேரில்லாமச் செய்தி அனுப்புனா டெஸ்க்குல குப்பையில போட்டுருவாங்க" என்றேன்.

"ஒரு நாள் வே. ஒரே ஒரு நாள்."

நீங்கள் உடலைத் தூக்க வெளியே போனீர்கள். செக்ரோல் மேஜை மேல் திறந்து கிடந்தது. அந்த நிரைக்கு நேரே இருந்த பேரைப் பார்த்து எழுதி, கவரை ஒட்டி, போடி பஸ் கண்டக்டரிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். மறுநாள் ஐந்து வரி வந்தது. புஷ்பம் என்ற தொழிலாளி பலி. போலீஸ் அதையே எழுதியது. எஸ்டேட் மேனேஜரான துரையும் அதையே ஒப்புக்கொண்டார். பேப்பரிலேயே வந்துவிட்ட பிறகு யார் மாற்றுவது? எஸ்டேட் தச்சர் சிலுவையில் அந்தப் பேரையே வெள்ளை பெயிண்டில் எழுதினார்.

அன்று விஷயம் தெரியாது எனக்கு. ஒரு வாரம் கழித்து நீங்கள் சொன்னபோது, திருத்தம் போடட்டுங்களா என்று கேட்டேன். "ஆள் மாறிப் போனதுன்னு எழுதினா, உசுரோட இருக்கவளுக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு. விட்டுரும்" என்றீர்கள். புஷ்பத்தைச் செசிலி என்ற பேரில் புது ஆளாகச் சேர்த்தீர்கள். அவளுடைய ஆறு வருஷ சர்வீஸ் அதோடு போனது. அடுப்பும் கூரையும் மிஞ்சின. என்னை நீங்கள் ஒரு சொல் ஏசவில்லை.

பிறகு நாவல் எழுத உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும், கதைக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பேரைக் கணக்கப்பிள்ளை வாயிலிருந்து வரவழைத்தேன். நான்கு தடவையும். அதைக் கொண்டுவந்து உங்கள் கையிலேயே கொடுத்தேன். மழை நன்றாக வந்திருக்கிறது என்றீர்களே, எப்படி முடிந்தது உங்களுக்கு?

ஐந்தாம் தடவை எழுதுவதா, கட்டிப் பரணில் போடுவதா என்று கேட்கத்தான் போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு உங்களிடம் வந்தேன். எனக்குப் பழக்கமில்லை. வாங்கிப் போன மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. ஆறாவது தீக்குச்சியும் அணைந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சிரட்டைக்குள்ள வைக்கணும் சார். வெறுமன வச்சா நிக்குமா? பேப்பர்காரவுகளுக்கு இதுகூடத் தெரியாதா?"

புஷ்பம். கையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒன்றில் என் மெழுகுவர்த்தியை நட்டு உங்கள் தலைமாட்டில் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு நான்கு வரிசை தள்ளிப் போனாள். நானும் பின்னால் போனேன். தன் பேர் எழுதிய சிலுவைக்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள். பதினாலு வருஷமாக இப்படித்தான். முடித்து எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"கணக்கப்பிள்ள அண்ணாச்சி சொல்லிருக்காவ. நீங்க எங்க கதைய எழுதுதியளாமே?"

"எழுதினேன். சரியா வரலைங்க. விட்டுறலாம்னு பார்க்கறேன்."

"அதுல எந்தங்கச்சி எப்படி இருக்கா?"

நானூறு பக்கத்தில் செசிலி மண்ணுக்கடியிலிருந்து எடுத்த உடலாகத்தான் வருகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எப்படி இருப்பாள் என்று ஒருவரிடமும் நான் கேட்டதே இல்லை. புஷ்பமே எனக்குச் சொன்னாள்.

"பதினேழு நாள்தான் சார் இங்க இருந்தா. அட்டைக்கு அப்படிப் பயப்படுவா. காலுல உப்புத் துணியச் சுத்திட்டு ஊட்டுக்குள்ளயே நடப்பா. எம்பேருக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்ன செஞ்சா தெரியுமா? 'அக்கா, நீ என்னப் புஷ்பம்னு கூப்பிடு, நான் என்னன்னு கேக்கேன்'ன்னா. அடுப்படியில நான் கூப்பிட, அவ 'என்ன'ங்க, ஒரே சிரிப்பு. காய்ச்சலோட நானும் சிரிச்சேன்."

காற்றில் சாய்ந்த சிரட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

"மண்ணு எறங்குறப்போ கங்காணி கூப்பிட்டாராம் சார். எம்பேரச் சொல்லித்தான்."

அந்த ஒரு கணத்தில், அக்காவின் பேரைக் கேட்டுச் செசிலி திரும்பினாளா? உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

பத்திரிகையில் இப்போது ஒரு திருத்தம் போடட்டுமா என்று புஷ்பத்திடம் கேட்டேன். "பழைய சேதிய இனி யாரு சார் வாசிக்கப் போறா?" என்றாள். அடுத்த மாதம் எஸ்டேட்டில் பேர் வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு, ஊருக்குப் போகிறாளாம். "கதையில போடுங்க. அவ பேரயே போடுங்க. நான் செத்தா எங்க ஊர்ல எம்பேர்ல பொதைச்சுக்கிடுவாவ. அவளுக்குத்தான் எங்கயும் பேரு இல்ல." அவள் மலை இறங்கி, ஆபீஸ் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பேன். இந்த முறை காத்திருப்பேன், அண்ணாச்சி. பஸ் போனால் போகட்டும்.

அன்று கீழே இறங்கி வந்ததும் கடைக்குப் போனேன். குஞ்ஞப்பன் சேட்டன் இரண்டு டீ போட்டார். இரண்டையும் நானே குடித்தேன். பிறகு அறைக்கு வந்து நான்கு கட்டுகளையும் சாக்கில் திரும்பப் போட்டுக் கட்டினேன். ஐந்தாம் தடவை அந்த நாவலை எழுதப் போவதில்லை. மழை அதில் இருக்கிறபடியே இருக்கட்டும். பதினோராம் அத்தியாயத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். அதைப் புதிதாக எழுதுகிறேன். ஒரு பெண் அடுப்படியில் இன்னொருத்தியின் பேருக்குப் பதில் சொல்லப் பழகுகிறாள். மறுநாள் ஒரு நிருபன், ஒரு நாள் பொறு என்று சொன்ன நண்பன் வெளியே போனதும், திறந்து கிடக்கும் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறான். அதற்குப் பிறகு நாவல் எங்கே போகும், போகுமா என்பது எனக்குத் தெரியாது. அந்த அத்தியாயம் மட்டுமே மிஞ்சினாலும் சரி.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிடுவேன். இரண்டு சிரட்டை எடுத்து வருவேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று செசிலிக்கு. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாக வாசிப்பேன். வழக்கம்போல ஓரத்தில் இடம் விட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோடு விழாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் ஏசாமல் விட்ட தம்பி,
தங்கவேலு