பஸ்ஸுக்குத்தானே நின்னான்

அன்புள்ள பெரியவன் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது, அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு வெல்டர் இன்று உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

பெரியவனுக்குத் தாடையில் போட்ட கம்பியை இன்னும் எடுக்கவில்லை. உறிஞ்சு குழாயில்தான் சாப்பாடு. பேச்சு இல்லை. பார்சல் கம்பெனியில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அன்று அந்தப் பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்களாம், நம் நிறத்தில் இவன் ஒருவன்தான். போலீஸ் வண்டி நேராக இவனிடம் வந்தது. அடித்துத் தாடையை உடைத்துவிட்டு, மாடிப்படியில் விழுந்தான் என்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் ஏதுங்க மாடிப்படி?

நான் ஸ்டேஷன் வாசலில் கத்தியதைச் சொன்னேன் அல்லவா? டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டே இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. "எம்புள்ள என்னய்யா பண்ணான்? பஸ்ஸுக்குத்தானே நின்னான்?" இதைச் சின்னவன் என் போனிலேயே பதிவு செய்து, தன் ராப் பாட்டுக்கு நடுவில் போட்டுவிட்டான். ஏன்டா என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா வேணாம்பே" என்றான். இப்போது தெருப் பிள்ளைகள் அதைத்தான் கத்துகிறார்கள். டிப்போ டிரைவர்கள் என்னைப் பார்த்தால் ஹாரனிலேயே அந்தத் தாளத்தை அடிக்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

நேற்றுக் காலை சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பொய்ப் பாட்டு பாடி ஊரைத் தூண்டுகிறானாம். பின்னாலேயே ஓடினேன். இன்ஸ்பெக்டர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அது உன் குரல் இல்லன்னு எழுதிக் குடு, பையனைக் கூட்டிட்டுப் போ" என்றார். பெற்ற வயிறு, பேனா எங்கே என்று கேட்டுவிட்டேன். எழுதும்போதுதான் பெரியவன் முகம் நினைவுக்கு வந்தது. அது பொய்ப் பாட்டானால் அவன் தாடையும் பொய்தானே? யோசித்துவிட்டு வருகிறேன் என்று பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சின்னவனை அங்கேயே விட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெரியவனிடம் சொன்னேன். என்னடா செய்யட்டும், உன் தம்பிடா என்று அழுதேன். அவன் ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து ஸ்பூனால் தட்டினான். தம்பி பாட்டின் தாளம். நான் அழுகையை நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருந்தான்.

போன வாரம் போனில் நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "பொழைக்க வந்த எடத்துல எதுக்கு வம்பு, பாட்டை எடுத்துடச் சொல்லு." பிழைக்க வந்தது நீங்களும் நானும். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். பிறந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்க யாரிடம் கேட்க வேண்டும்? கோபப்படாதீர்கள்.

நாளைக் காலை போகிறேன். டிப்போக்காரர்கள் பிடித்துத் தந்த வக்கீலம்மாவும் வருகிறார். அது என் குரல்தான் என்று சொல்லப் போகிறேன். நம்பாவிட்டால் அங்கேயே கத்திக் காட்டுவேன்.

அடுப்பருகே வேலை, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து சேதி வரத் தாமதமானால் பதறாதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் பாட்டை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை, முழுசாகக் கேளுங்கள். நாங்கள் மூன்று பேரும் அதில்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா