ஆயிரம் டால்பின்கள்

ஜூன் 15, ஞாயிறு

அரியலூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தவறு. கடல் இங்கேதான் இருந்தது. நம் ஆட்கள் யாரும் மதித்து ஒரு வார்த்தை பேசாததால் கோபித்துக்கொண்டு கிழக்கே போய்விட்டது. இல்லையென்றால் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியெல்லாம் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் ஏன் கிடக்கிறது? கோபித்துப் போன கடலைச் சமாதானப்படுத்தத்தான் நாங்கள் மூன்று பேரும் வருஷம் தவறாமல் எங்காவது போய்ப் படகேறுகிறோம்.

மூன்று பேர் என்றால்: பம்புசெட் மோட்டார்க் கடை வைத்திருக்கும் ஆண்டவராகிய நான், தலைமைத் தளபதி. பூலாம்பாடி ராஜதுரை, சின்ன வெங்காய விவசாயி, வாந்திப் பிரிவு. ஏலாக்குறிச்சி சவரியார், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தணிக்கைப் பிரிவு.

தணிக்கை எப்படியென்றால், கொச்சியில் வைப்பின் தீவுக்குப் போகிற படகில் ஒரு டால்பின் பார்த்தோம். ஊருக்கு வந்து ஆயிரம் என்று அறிவித்தேன். அது தளபதியின் உரிமை. சவரி டீயை வைத்துவிட்டு, "ஆண்டவரே, ஒரு சைபரை எடு" என்றான். நூறு என்றேன். "எடு." பத்து. "எடுய்யா." ஒன்று. "ஆங். அதுவும் முதுகு மட்டும்."

என் பெயரால் சவரி வீட்டில் நடந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சவரி வாசலில் நின்று "ஆண்டவரே!" என்று என்னைக் கூப்பிட்டால், அடுப்படியில் இருக்கும் அவன் மனைவி லீலா மேரி கை அலம்பாமலே சிலுவை போட்டுக்கொள்வாள். பாவம், அந்த மகராசி போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது மகள் அனிதா மேரிதான் அவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த வருஷம் பெரிய படையெடுப்பு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறை, அங்கிருந்து படகில் நெடுந்தீவு. இன்று டீக்கடையில் திட்டம் முடிவானது. புது டீ மாஸ்டருக்கு எங்கள் வீர வரலாறு தெரிய வேண்டுமே என்று கொச்சியின் ஆயிரம் டால்பினை அவிழ்த்துவிட்டேன். விட்டுவிட்டு சவரியைப் பார்த்தேன்.

"ஆமா, ஆயிரம் இருக்கும்" என்றான்.

காத்திருந்தேன். சைபர் வரவேயில்லை. டீ சூடாக இருந்திருக்கும்.

ஜூன் 23

பாஸ்போர்ட்டுக்கு ராஜதுரை எடுத்த போட்டோவைப் பார்த்தேன். கரையில் நின்று எடுத்ததுதான், அதற்கே வாந்தி வருகிற முகம்.

ஜூலை 8

சவரி திருமானூரிலிருந்து அரியலூர் வரப் பஸ் ஏறினான். முப்பது வருஷமாக வந்த ரோடு. எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கியிருக்கிறான். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்டக்டரிடம், "கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டானாம். கண்டக்டர் நல்ல மனுஷன். சட்டைப்பையில் இருந்த டைரியில் அனிதா நம்பரைப் பார்த்துப் போன் போட்டிருக்கிறார்.

நான் கேட்டதும் சிரித்தேன். "தஞ்சாவூரையே துறைமுகமாக்கிட்டானா!" என்றேன். என் வீட்டம்மா பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. "ஏங்க, இது சிரிக்கிற விஷயமாத் தெரியல" என்றாள்.

ஜூலை 19

திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். மறதி நோய். மாத்திரை இருக்கிறது, குணம் இல்லை. அனிதா போனில் சொல்லும்போது பின்னால் சவரி யாரிடமோ பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

அப்போ இது என்ன நோய்? வாய்ப்பாடு நிக்கிது, பஸ் நிக்கலன்னா?

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

டீக்கடையில் சவரி பேசிக்கொண்டிருந்தான். சுற்றி ஏழெட்டுப் பேர். கொச்சியில் ஆயிரம் டால்பின் படகைச் சுற்றி வந்ததாம். ராமேஸ்வரத்தில் திமிங்கலம் ஒன்று முதுகால் படகைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்ததாம். கன்னியாகுமரியில் புயலில் ஆண்டவர் ஒற்றைக் கையால் படகை ஓட்டினானாம்.

எல்லாம் நான் விட்டது. சொல்லுக்குச் சொல் என் சரக்கு. ஆனால் அவன் கண்ணில் விளையாட்டு இல்லை. நம்பிச் சொல்கிறான். தம்மடித்துக்கொண்டிருந்த இரண்டு பயல்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள்.

"சவரி, அது சும்மாய்யா. நான் விட்ட கதை" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "நீ அன்னிக்கு வந்தியா? படகுல இருந்தியா நீ? பார்த்தவன் நான் சொல்றேன்."

நான் அன்றைக்கு ராமேஸ்வரம் படகில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்திருந்தேன். திமிங்கலம் இல்லை. காற்று இருந்தது, டீசல் வாடை இருந்தது, ராஜதுரை என் செருப்பில் வாந்தியெடுத்தான். நல்ல நாள் அது. அந்த நாள் அவனிடம் இப்போது இல்லை. என் புளுகுதான் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என்ன சொல்லி இறக்குவேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அனிதாவிடம் அனுமதி கேட்கப் போனோம். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறவன்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டான்.

"மாமா, கடல்ல கூட்டிட்டுப் போயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாதும்மா. உங்கப்பனை என் இடுப்புல கட்டிக்குவேன். கப்பல் முங்கினாலும் நான் முங்க மாட்டேன், இந்த வயித்தப் பாரு."

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாவே ஒரு தடவ அவரக் கப்பல்ல ஏத்தி எறக்கிடுங்க மாமா. அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு. அப்பறம் எதையும் கேக்க மாட்டாரோன்னு பயமா இருக்கு."

எனக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. நிஜமான கடலைப் பார்த்தால், நிஜமான கப்பலில் நின்றால், என் பொய்யெல்லாம் உதிர்ந்துவிடும். சைபர் திரும்பி வரும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகப்பட்டினம். சவரி வெள்ளை வேட்டி, குடை, சின்னப் பை. ராஜதுரை சட்டைப்பையில் நாலு சின்ன வெங்காயம். முகர்ந்தால் குமட்டாதாம், பூலாம்பாடி வைத்தியம்.

கப்பல் இல்லை. காற்று பலமாக இருக்கிறது, இன்றைய பயணம் ரத்து என்று காலையில்தான் சொன்னார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, கடலே எழும்பி எழும்பிக் குதித்தது. சமுத்திர ராஜன் நானே எதிரில் வந்து நிற்கிறேன், கொஞ்சம் அடங்கினால் என்ன?

கடற்கரையில் உட்கார்ந்தோம்.

"கப்பல் எப்ப வரும்?"

"வந்துகிட்டே இருக்கு சவரி."

கொஞ்ச நேரம் கழித்து, "கப்பல் எப்ப வரும்?"

"இப்ப வந்துரும்."

எத்தனை முறை கேட்டான் என்று எண்ணவில்லை. பொழுது சாய்ந்து கிளம்பும்போது குடையை மணலில் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்றான். நானும் ராஜதுரையும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கூட்டிவந்தோம். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது 'வந்துகிட்டே இருக்கு'. அது ஒன்றுதான் எனக்குப் பொய்யாகத் தெரிகிறது.

செப்டம்பர் 14

மறுபடி ரத்து. இந்தத் தடவை திருமானூர் தாண்டுவதற்குள்ளேயே தகவல் வந்துவிட்டது. சவரிக்குத் தெரியாமல் காரைத் திருப்பினோம். "நாகப்பட்டினம் வந்துருச்சா?" என்று ஏலாக்குறிச்சி வாசலில் கேட்டான்.

அக்டோபர் 5

அனிதா கடைக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மாமா. கொஞ்ச நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வர வேணாம். உங்களப் பார்த்தா அவருக்குக் கப்பல் ஞாபகம் வந்துடுது. பையத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுறாரு. நேத்து கரும்பு டிராக்டர்காரன் பிரேக் போடலன்னா..."

"சரிம்மா" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அவள் சொல்வது நியாயம். நான்தான் அவனுக்கு ரோடு.

அக்டோபர் 21

மழைக்காலம். கப்பல் இனி தை கழிந்துதான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் சவரியோடு போய் லீலா மேரிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். இந்த வருஷம் ஏலாக்குறிச்சிக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அனிதா மட்டும் வந்திருந்தாள். அவனைக் காணோம். காய்ச்சலாம், படுத்தவன் எழுந்திருக்கவில்லையாம். பூக்காரம்மா சொன்னாள். என் நண்பன் சேதி எனக்குப் பூக்காரம்மா சொல்லித் தெரிய வேண்டியிருக்கு.

நவம்பர் 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

காலையில் அனிதா போன். அழுகை. "மாமா, அப்பா சோறு தண்ணி எறக்கல. மூணு நாளா ஜெபந்தான். 'ஆண்டவரே எடு, ஆண்டவரே எடு'ன்னு உசுர எடுத்துக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காரு. கேக்க முடியல மாமா. சாமியாரை வரச் சொல்லிட்டோம். நீங்களும் ராஜதுரை மாமாவும் வந்து முகத்தப் பார்த்துட்டுப் போயிடுங்க."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ராஜதுரை பூலாம்பாடியிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வீடு நிறைய ஆட்கள். ஜெபமாலை. சாமியார் எண்ணெய் பூசி முடித்திருந்தார். சவரி கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தான். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"ஆண்டவரே... எடு."

பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். கடவுளிடம் பேசுகிறவன் நடுவில் நான் யார்? சுவரோரம் நின்றுகொண்டேன்.

"ஆண்டவரே... எடுய்யா."

எடுய்யா?

நிமிர்ந்தேன். தினமும் கோயிலுக்குப் போகிற எந்த மனுஷன் கடவுளை 'யா' போட்டுப் பேசுவான்? சவரி பேச மாட்டான். அவன் ஜெபம் எனக்குத் தெரியும், மரியாதையில் ஒரு எழுத்துக் குறையாது. அந்த 'யா' எனக்குரியது. இத்தனை வருஷமாக எனக்கு மட்டும் உரியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காதோரம் குனிந்தேன்.

"சவரி. கொச்சிப் படகுல ஆயிரம் டால்பின் வந்துச்சு."

"எடு."

"நூறு."

"எடு."

"பத்து."

"எடுய்யா."

"ஒண்ணு."

கண் ஒரு கீற்றுத் திறந்தது. "ஆங்" என்றான். பிறகு மூச்சை இழுத்து, "முதுகு... மட்டும்."

அனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கடவுளே, மோட்டார்க் கடை மாமாவையா கூப்பிட்டாரு? மூணு நாளா?" என்றாள்.

சாமியார் கையிலிருந்த எண்ணெய்ச் சிமிழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ராஜதுரைதான் சொன்னான்: "இருக்கட்டும் சாமி. எண்ணெய் போட்டதாலதான் மோட்டார் ஓடிருக்கு."

சாமியாரும் சிரித்துவிட்டார். சாயங்காலம் சவரி நாலு கரண்டி கஞ்சி குடித்தான்.

மூன்று நாள் கூப்பிட்டிருக்கிறான். அவன் மண்டைக்குள் நான் ஓயாமல் புளுகிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் ஓயாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறான். எடுக்க நான் அங்கே இல்லை.

டிசம்பர் 7

"தினம் வாங்க மாமா" என்று அனிதா சொல்லிவிட்டாள். போகிறேன். தினம் ஒரு புளுகு. ராமேஸ்வரத்தில் ஐந்நூறு திமிங்கலம். "எடு." கன்னியாகுமரியில் நூறடி அலை. "எடு." ஒவ்வொரு சைபருக்கும் ஒரு கரண்டி கஞ்சி. அனிதா ஊட்டுகிறாள். வேறு ஒன்றும் பேசுவதில்லை. நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

டிசம்பர் 25

கேக் ஊட்டினேன். "உங்க பேரு என்னங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டான்.

ஜனவரி 20

பொங்கலிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. இன்று டால்பினைப் பத்து லட்சம் வரை ஏற்றிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 14

கப்பல் மறுபடி ஓடுகிறதாம். பேப்பரை மடித்து ஒளித்து வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

அனிதா பார்த்துவிட்டாள். "போயிட்டு வாங்க மாமா. நீங்க போனாத்தான் அப்பாவுக்குச் சொல்றதுக்குப் புதுசா ஏதாச்சும் இருக்கும்." சவரியின் குடையை என் கையில் கொடுத்தாள்.

பிப்ரவரி 21, சனி

கப்பலில் எழுதுகிறேன். கோடு கோணலாகப் போவது கடலின் தவறு.

கரை மறைந்துவிட்டது. ராஜதுரை நாலு வெங்காயத்தையும் முகர்ந்துவிட்டு, முறைப்படி தன் பணியைத் தொடங்கிவிட்டான். நடுவில் ஒரு இருக்கை. அதில் குடை.

காலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டால்பின் இல்லை. முதுகும் இல்லை. தண்ணீர், வெயில், டீசல் வாடை. அவ்வளவுதான்.

"ஒண்ணுமே இல்லையேய்யா, அவன்கிட்ட என்னத்தச் சொல்லுவ?" என்று ராஜதுரை துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

ஒரு கோடி என்று சொல்லப் போகிறேன். சைபர் நிறைய இருந்தால்தான் ஒன்றையாவது எடுக்கச் சொல்வான்.