குளிரைப் பார்க்காத கார்

டெட்ராய்ட்
2008 டிசம்பர் 2, செவ்வாய் பிற்பகல்

அன்புள்ள பெட்ரா,

இங்கே நானும் காஸ் மாமாவும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்ற வரியை ஒவ்வொரு கடிதத்திலும் பேனா தானாகவே எழுதிவிடும், இன்று அந்த இடத்தில் நின்றுவிட்டது. நன்றி கூறும் நாளன்று போனில் சண்டை போட்டு வைத்தபின் ஐந்து நாளாக உன் குரலைக் கேட்கவில்லை. நேற்றிலிருந்து உன் போனில் ஏழு முறை பேசிப் பதிவு செய்திருக்கிறேன், கோபத்தில் நீ ஒன்றையும் கேட்டிருக்க மாட்டாய். நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தேன், உன் வார்டில் ஒரு பெண் செய்தியை எழுதிக்கொள்வதாகச் சொன்னாள், அவள் குரலைக் கேட்டால் எழுதியிருப்பாள் என்று தோன்றவில்லை. அதனால் மற்றதைப் படிக்கும் முன் ஒன்றைச் செய். காரை எடுக்காதே. சாவியைக் கீழ் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வா, பிறகு உட்கார்ந்து படி.

போன ஜனவரியில் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அம்மா, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தப்பறமும் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்மா, பிரேக்கை மிதிச்சாலும் இழுக்குது" என்றாய். நான் சிரித்தேன். "அவ்ளோ கனமான பூட்ஸைப் போட்டுக்கிட்டு மிதிச்சா எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும், வென்லாக்காரங்க வண்டியைக் குறை சொல்லாதே, அந்த வண்டிதான் உன்னைப் படிக்க வைச்சது" என்றேன். போன வாரமும் நீ அதையே சொன்னாய், நானும் அதையே சொன்னேன், நீ போனை வைத்துவிட்டாய். வைத்தது சரி.

இங்கே நடப்பது உனக்கும் செய்தியில் தெரிந்திருக்கும். மூன்று பெரிய கார் கம்பெனிகளுக்குப் பின்னால் நான்காவதாக நம் வென்லாக்கும் அரசாங்கத்திடம் கைநீட்டி நிற்கிறது. போன மாதம் தலைவர் லோரிமர் கம்பெனி விமானத்தில் வாஷிங்டன் போய் இறங்கினார், நாடாளுமன்றச் சபையில் ஒருவர், "உதவி கேட்டு வர்றவரு எங்க வீட்டு வாசல் வரைக்கும் பறந்தா வருவீங்க?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அலுவலக அடித்தளத்தில் வேலை செய்யும் நாங்களும் சிரித்தோம், ஆனால் சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பணம் வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு மூடும் தொழிற்சாலை திரும்பத் திறக்காது என்கிறார்கள். காஸ் மாமா தினமும் காலையில் வேலைச் சட்டையை இஸ்திரி போடுகிறான், தொழிற்சாலையில் அவனை வீட்டில் இருக்கச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இந்த முறை லோரிமர் காரில் போகப்போகிறார், தானே ஓட்டிக்கொண்டு, நீ வைத்திருக்கும் அதே ஆல்டர் மாடல் காரிலேயே. பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை காலை புறப்பாடு, வழியில் பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு சாதாரண விடுதியில் இரவு தங்கல். காரைத் தயார் செய்யும் வேலை எனக்கு.

நான் செய்யும் வேலையைப் பற்றி உன்னிடம் பெருமையாகத்தான் பேசியிருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு அடியில் வெதுவெதுப்பான கார்க் கொட்டகை, கம்பெனிப் பெரியவர்கள் காலையில் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போவார்கள், மாலையில் கழுவி, பெட்ரோல் நிரப்பி, ஒரு முனகல்கூட இல்லாமல் கார் நிற்கும். ஓட்டுபவர் முகத்துக்கு மேலே வெயில் தடுப்பில் ஒரு அட்டை செருகியிருக்கும், குறை இருந்தால் அவர்கள் அதில் எழுத வேண்டும். பதினொரு வருடத்தில் லோரிமரின் அட்டையில் "அருமை" என்பதைத் தவிர வேறு சொல்லை நான் படித்ததில்லை. குறை அவர் காதில் விழுவதற்கு முன்பே நான் சரி செய்துவிடுவேன், அதைத்தான் திறமை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு புது மாடலையும் குளிர்காலத்தில் ஒரு மாதம் பெரியவர்களே ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது கம்பெனியின் பழைய வழக்கம். ஆல்டரையும் அப்படி ஓட்டினார்கள். அவர்கள் வீட்டுக் கொட்டகையும் வெதுவெதுப்பு, எங்கள் கொட்டகையும் வெதுவெதுப்பு. அந்தக் கார்கள் ஓர் இரவுகூடக் குளிரில் நிற்கவில்லை பெட்ரா. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள், காரைத் துடைத்துக் கொடுத்தது நான்.

விடுதியில் கொட்டகை இருக்காதே, காலையில் பேட்டரி உயிரோடு இருக்குமா என்று பார்க்கத்தான் ஞாயிறு மாலை லோரிமரின் காரை ஆற்றோரத் திடலில் விட்டுவைத்தேன். திங்கள் காலை நல்ல உறைபனி. கார் உடனே கிளம்பியது, திடலை இரண்டு சுற்று சுற்றினேன், ஒருமுறை அழுத்தி மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். கார் நிற்கவில்லை. எடுத்த கால் அந்தரத்தில் இருக்கிறது, கார் திடலின் சுவரைப் பார்த்துப் போகிறது. பிரேக்கில் ஏறி நிற்காத குறையாக மிதித்து, கியரை நடுவில், நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரத்தில் குவித்திருந்த பனிக்குள் போய் முட்டி நின்றேன். இயந்திரம் அலறிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போது உன் பூட்ஸ் ஞாபகம்தான் வந்தது.

இயந்திர மூடியைத் திறந்து பார்த்தேன். காற்று போகும் வழியில் திறந்து மூடும் தகடு ஒன்று உண்டு, அதன் விளிம்பில் பனி உறைந்து திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சூடாக வைக்க முன்பெல்லாம் வெந்நீர் ஓடும் ஒரு சிறு குழாய் இருக்கும், ஆல்டரில் சிக்கனம் என்று அதை எடுத்துவிட்டார்கள். என் மேலாளர் ஆர்லோவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தான். பிறகு, "டோரி, பேப்பர்ல ஆல்டர்னு போட்டாச்சு, வேற வண்டி அனுப்ப முடியாது. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் பழைய குழாயை மாட்டு. மாட்டிட்டு வாயைத் தைச்சுக்கோ" என்றான். மாட்டினேன். இருபது நிமிட வேலை. நேற்றிரவு மறுபடி வெளியே விட்டு இன்று காலை பார்த்தேன், காலை எடுத்ததும் கார் அடங்கி நின்றது. தலைவருடைய கார் பத்திரம். உன்னுடையது சரிவான தெருவின் மேல்முனையில், வெட்டவெளியில், இறக்கத்தின் அடியில் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது.

இன்று காலை லோரிமர் தாமே கீழே வந்தார். காரில் உட்கார்ந்து சபையில் பேசப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துருமா இது?" என்று சிரித்தார். உங்களைச் சேர்த்துவிடும் சார், என் மகளைச் சேர்க்காது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். பிறகு என் சட்டையில் தைத்திருக்கும் பெயரைப் படித்து, "டோரீன், வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. இந்த வாரம் இது வெளிய வந்தா ஒருத்தனும் ஒரு டாலர் தரமாட்டான். வெள்ளிக்கிழமை சபை விசாரணை முடியட்டும், நானே சொல்றேன்" என்றார். நான் சரி சார் என்றேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் போனபின் அட்டையை எடுத்துப் பார்த்தேன், வழக்கம்போல "அருமை".

வீட்டுக்குப் போய்க் காஸ் மாமாவிடம் மட்டும் சொன்னேன். "நீ வாயைத் திறந்தா மூவாயிரம் வீட்டுல அடுப்பு அணைஞ்சிரும் டோரி, அதுல நம்ம வீடும் ஒண்ணு" என்றான். கொஞ்சம் கழித்து, "பெட்ரா காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவா?" என்று கேட்டான். அஞ்சரைக்கு என்றேன். எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டான், சட்டை ஏற்கெனவே மடிப்பு கலையாமல்தான் இருந்தது.

தபால் ஆபீசுக்கு எதிர்க்கடையில் காபி வாங்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், ஐந்து மணிக்கு அங்கே மூடிவிடுவார்கள். எவ்வளவோ படித்திருக்கிறேன், பயந்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. வேலை போகும் என்ற பயமும் இருக்கிறது, தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போகும் மூவாயிரம் பேரைப் பற்றிய பயமும் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் மூன்று காலைகள் இருக்கின்றன. உன்னை நான் தடுத்துவிடலாம். உன் ஊரிலும் அதற்கு மேற்கேயும் குளிரில் எத்தனை ஆல்டர்கள் நிற்கின்றன, அவற்றில் ஏறப்போகிறவர்களுக்கு அடித்தளத்தில் வேலை செய்யும் அம்மா இல்லையே. அதனால் இன்னொரு கடிதமும் எழுதி முடித்துவிட்டேன். வாஷிங்டனில் வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, என் முழுப் பெயரோடு. அந்த அட்டையின் பின்பக்கத்தில் குழாய் மாட்டியதையும் காரணத்தையும் தேதியையும் எழுதிப் பிரதி எடுத்து அதோடு வைத்திருக்கிறேன். அட்டையை நான் எழுதிய பக்கம் தெரியும்படி பழைய இடத்திலேயே செருகிவிட்டேன். நாளை வெயில் கண்ணில் அடிக்கும்போது லோரிமர் தடுப்பை இறக்குவார், அவருக்கும் தெரியட்டும்.

எப்போதாவது எந்தக் காரிலாவது இப்படி நடந்தால் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்துவிடாதே, ஸ்டீரிங் இறுகிவிடும். கியரை நடுவில் தள்ளு, இரண்டு காலாலும் பிரேக்கை மிதி, அலறினால் அலறட்டும். பஸ்ஸில் போய் வா, தொப்பியைக் காது மூடப் போடு. உன்னையும் நீ உன் கைகளால் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளையும் கடவுள் காப்பாராக. என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், போன் மணியை மட்டும் இரண்டு முறை அடிக்கவிட்டு வைத்துவிடு. கார் நிற்கிறது என்று புரிந்துகொள்வேன்.

மணி நாலே முக்கால். இரண்டு உறைகளோடு தெருவைக் கடக்கப் போகிறேன்.

தவறு உன் காலில் இல்லை கண்ணு.

அன்புடன்,
அம்மா டோரீன்