சுபாவின் காலடியில் சூடு

12 மார்ச் 2013, செவ்வாய்

தங்கை சுபாவின் வயிற்றில் பிள்ளை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லை. நாளைய ஸ்கானிலும் அப்படியென்றால் சத்திரசிகிச்சைதான். ஆஸ்பத்திரியில் அக்குபஞ்சர் செய்யும் மருத்துவிச்சி, கால் சுண்டுவிரலருகே சூடு காட்ட ஒரு மூலிகைச் சுருட்டுத் தந்திருந்தாள். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள்.

வேலை முடிந்து லா சப்பலிலுள்ள சுபா வீட்டுக்குப் போய், நானே பற்றவைத்துப் பிடித்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சுபாவின் மாமியார் ஓடிவந்தார்.

"பிள்ளைத்தாச்சியின்ரை காலடியிலை கொள்ளி பிடிக்கிறீரோ? படிச்ச பிள்ளை செய்யிற வேலையே இது?"

"ஆஸ்பத்திரியிலை தந்தது, மாமி."

சுபா பயந்து காலை இழுத்துக்கொண்டாள். சுருட்டை அணைத்தேன். மாமியார் போனபின் சுபா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அக்கா, திரும்பீட்டுதோ?"

தலை இன்னும் மேலே, விலாவுக்குக் கீழேயே உருண்டையாகத் தட்டுப்பட்டது.

"பிள்ளை நித்திரை போலை" என்றேன்.

"ஓம், பாவம்" என்று குரலைத் தாழ்த்தினாள்.